"வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்ற சொல்லுக்குப் பின்

"இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்." தேவாரத்திலும், போடிநாயக்கனூரிலும், மலையடிவாரத்துச் சிற்றூர்களிலும் இவ்வாக்கியத்தைச் சுமந்துகொண்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் பல. பெரிய நகரத்து மருத்துவமனை ஒன்றின் தாழ்வாரத்தில் சொல்லப்படும் அச்சொற்களின் முதற்பாதி உண்மையன்று என்பது எங்கள் கருத்து. இரண்டாம் பாதி சரியாகவே இருக்கலாம். ஆயினும் பேச்சு அத்துடன் முடிந்துவிடலாகாது. நோயைக் குணப்படுத்தும் வழி அடைபட்ட பின்னரும் வலியைத் தணிக்கலாம். மூச்சுத் திணறலைக் குறைக்கலாம். புண் வராமல் காக்கலாம். அச்சத்துக்குச் செவி கொடுக்கலாம். இவற்றை முறையாகச் செய்வதே ஆதரவுச் சிகிச்சை. வாழ்வின் இறுதி மாதங்களில் அது ஓர் இல்லத்திலோ நோயாளியின் சொந்த வீட்டிலோ தொடரும்போது அதனை ஹாஸ்பிஸ் என்கின்றனர்.

இம்மருத்துவ முறைக்கு இன்றைய வடிவம் தந்தவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியராகவும் மருத்துவச் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரான அவர், 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். நோயாளியின் வலி உடலோடு நிற்பதில்லை. மனக்கவலை, குடும்பத்தின் பணநெருக்கடி, ஆன்மிகக் கலக்கம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே முழுவலி என்று அவர் எடுத்துரைத்தார். இந்தியாவில் 1986ஆம் ஆண்டு மும்பையில் சாந்தி அவேதனா இல்லம் அமைந்தது. சென்னையில் ஜீவோதயா இல்லம் இப்பணியைச் செய்து வருகிறது.

ஆயினும் நம் பகுதியினர் பெரும்பாலோர்க்கு இல்லம் என்பது சொந்த வீடுதான். இருள் பிரியுமுன் ஜீப்பில் மலையேறி, ஏலத்தோட்டத்தில் கூலிவேலை பார்த்து, பொழுது சாயத் திரும்பும் குடும்பங்கள் இங்கு மிகுதி. அவர்களால் நோயாளியைத் தொலைதூர நகரில் வைத்து வாரக்கணக்கில் உடனிருக்க இயலாது. நோயாளியும் தம் திண்ணையையும் தம் மக்களையும் விட்டு இறுதிநாளைக் கழிக்க விரும்புவதில்லை. ஆகவே ஆதரவுச் சிகிச்சை வீடு தேடி வரவேண்டும் என்பதே இங்கு முதற்கேள்வி. மருத்துவமனையில் ஒரு கட்டிலைக் கூட்டுவதால் மட்டும் இது தீராது.

இச்சிகிச்சையைப் பற்றி எம்மிடம் வரும் குடும்பங்களில் நிலவும் சில எண்ணங்களை மறுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலாவது, இது சாகும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டுமே உரியது என்பது. நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே, புற்றுநோய் மருத்துவத்தோடு இணைத்தே இதனைத் தொடங்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2010ஆம் ஆண்டு வெளியாயிற்று. தொடக்கத்திலேயே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றோர் மனச்சோர்வு குறைந்து வாழ்ந்தனர். வாழ்நாளின் இடைநிலை அளவும் 8.9 மாதத்திலிருந்து 11.6 மாதமாக உயர்ந்திருந்தது. எல்லா நோய்க்கும் இதே கணக்குப் பொருந்தும் என்று நாங்கள் கூறவில்லை. ஆதரவுச் சிகிச்சை ஆயுளைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு இதுவே போதிய விடை. மேலும் இது புற்றுநோய்க்கு மட்டும் உரியதன்று. சிறுநீரகச் செயலிழப்பு, இதயத் தளர்ச்சி, நாட்பட்ட நுரையீரல் நோய், பக்கவாதம், முதுமை மறதி ஆகியவற்றால் துன்புறுவோர்க்கும் உரியது.

இரண்டாவது, மார்ஃபின் குறித்த அச்சம். அபினிலிருந்து எடுக்கப்படும் மருந்து என்றவுடன் போதைப்பழக்கம் வந்துவிடும் என்று உறவினர் மறுக்கின்றனர். புற்றுநோய் வலிக்கு மருத்துவர் கணக்கிட்டுக் கொடுக்கும் அளவில் அவ்வாறு நேர்வது மிக அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். எனவே வலி வந்தபின் விழுங்குவதைவிட, வலி திரும்புமுன் நேரம் தவறாது கொடுப்பதே முறை. முதல் சில நாள்களில் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம். அவை பெரும்பாலும் தாமே குறையும். மலச்சிக்கல் குறையாது, அதற்கான மருந்தையும் உடன் தரவேண்டும். தாமாக நிறுத்துவதும், பிறருக்குப் பகிர்வதும், பிள்ளைகள் கைக்கு எட்ட வைப்பதும் கூடாது.

இம்மருந்து எளிதில் கிடைக்காமற் போனதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின், ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல துறைகளின் உரிமங்கள் தேவைப்பட்டன. அதனால் பல மருத்துவமனைகள் அதனை வாங்குவதையே விட்டன. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் இத்தடையைத் தளர்த்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் அதனை இருப்பில் வைக்க வழிசெய்தது. சட்டம் வழிவிட்டு ஆண்டுகள் பல ஆயின. மலையடிவாரத்து நோயாளி ஒருவருக்கு ஒரு வார மாத்திரைக்காக ஒருவர் கூலியை இழந்து நெடுந்தொலைவு பேருந்தில் போய்வர நேர்ந்தால், அச்சட்டத்தின் பயன் இன்னும் அவ்வீட்டை அடையவில்லை என்றே பொருள்.

மூன்றாவது, உண்மையை மறைப்பது. "அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்" என்று மக்கள் எம்மைக் கேட்டுக்கொள்வது அன்பினால்தான். ஆனால் நோயாளி பெரும்பாலும் அறிந்தே இருக்கிறார். தாம் அறிந்ததை மக்கள் தாங்கமாட்டார்கள் என்று அவரும் மறைக்கிறார். ஒரே கூரையின்கீழ் இருவரும் தனித்தனியே அழுகின்றனர். பட்டாவை யார் பெயருக்கு மாற்றுவது, யாரிடம் கடன் நிற்கிறது, பேச்சு நின்றுபோன தம்பியை அழைக்கலாமா என்பவை அவர் வாயால் தீரவேண்டியவை. அனைத்தையும் ஒரே நாளில் கூறவேண்டியதில்லை. அவர் கேட்கும் அளவுக்கு, கேட்கும் வேளையில், பொய்யின்றிக் கூறினால் போதும்.

நான்காவது, உணவு. "ஒருவாய்கூட உண்ணவில்லை" என்ற துயரில் வற்புறுத்தி ஊட்டுவதைக் காண்கிறோம். நோய் முற்றிய நிலையில் உடலுக்கு உணவு தேவைப்படுவது குறைகிறது. பசி நின்றதால் இறப்பு நெருங்குவதில்லை. இறப்பு நெருங்குவதால் பசி நிற்கிறது. விரும்பியதை விரும்பிய அளவில் தரலாம். விழுங்க இயலாதபோது ஈரத்துணியால் உதட்டையும் வாயையும் நனைத்துவருவதே பேருதவி. படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் படுக்கைப்புண்ணைப் பெரிதும் தடுக்கலாம்.

இவ்வளவையும் செய்பவர் யார்? பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அவரது கூலியும் தூக்கமும் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. வாரத்தில் ஓர் இரவேனும் வேறொருவர் விழித்திருந்து அவரை உறங்கச் செய்வது அக்குடும்பத்தின் கடமை. பார்க்க வரும் உறவினர் ஆப்பிளும் அறிவுரையும் கொண்டுவருவதைவிட, இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் அமர்ந்தால் அதுவே சிறந்த சீர்.

அரசின் பக்கமிருந்து ஒரு கதவு திறந்திருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளோடு, வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் தருவதும் அடங்கும். நம் மலைக்கு அப்புறம் உள்ள கேரளம் இதில் முன்னோடி. 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய பணி, 2008இல் மாநிலக் கொள்கையாகி, இன்று உள்ளாட்சிகளின் வழியே செவிலியர் வீடு தேடிச் செல்லும் ஏற்பாடாக வளர்ந்துள்ளது. அங்கு இதனைத் தாங்கி நிற்போர் பயிற்சி பெற்ற அண்டைவீட்டார். அண்டைவீட்டாரின் அன்புக்கு நம் ஊர்களிலும் குறைவில்லை. பயிற்சியும் ஒழுங்கும்தான் வேண்டும்.

ஆகவே நாங்கள் வலியுறுத்துவன மூன்று. மலையடிவாரத்து அரசு மருத்துவமனைகளில் மார்ஃபின் மாத்திரை எந்நாளும் இருப்பில் இருக்கவேண்டும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் தன் எல்லைக்குள் படுக்கையில் உள்ளோரின் பட்டியலை வைத்து, செவிலியர் வரும் நாளை முன்கூட்டியே அவ்வீட்டுக்குத் தெரிவிக்கவேண்டும். இறுதிநிலை நோயாளியைப் பராமரிக்கும் தொழிலாளிக்கு வேலை பறிபோகாது என்ற உறுதியைத் தோட்ட உரிமையாளர்கள் தரவேண்டும்.

நோயாளிகளையும் குடும்பத்தினரையும் நாங்கள் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. "வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று எவர் கூறினாலும், அவ்விடத்தைவிட்டு எழுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். வலி கூடினால் எந்த மருந்தை எவ்வளவு தருவது? அது எங்கே கிடைக்கும்? நள்ளிரவில் யாரை அழைப்பது? எங்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பவர் யார்? விடைகளை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றைக் கேட்பது உங்கள் உரிமை. விடை கூறுவது எங்களைப் போன்றோரின் கடமை.