உத்தரவு தானாக மாறாது

வேலை போய்விட்டால் பிள்ளைக்குத் தரவேண்டிய ஜீவனாம்சமும் தானாகக் குறைந்துவிடும் என்று பல தந்தையர் நம்புகிறார்கள். குறையாது. பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் மனுப்போட்டு, சூழ்நிலை மாறியதை நிரூபித்தால்தான் நீதிமன்றம் தொகையை மாற்றும். அதுவரை மாதாமாதம் பாக்கி ஏறும்; கட்டாதவருக்குச் சிறையும் உண்டு. உண்மையிலேயே வருமானம் இழந்தவர் வாய்தாவுக்கு ஒளியாமல் உடனே மனுவோடு வருவதே நேர்மை. ஆனால் என் மனம் அதிகம் அடித்துக்கொள்வது மறுபக்கத்துக்காக. எல்கேஜி வயதில் போட்ட உத்தரவு, பிள்ளை பிளஸ் டூ வந்த பிறகும் அதே தொகையில் கிடக்கிறது. இடையில் அப்பாவுக்குப் பதவி உயர்வு வந்திருக்கும்; டியூஷன், பஸ் பாஸ், கண்ணாடி என்று செலவும் கூடியிருக்கும். தொகையை உயர்த்தக் கேட்கவும் அதே 146-ஆம் பிரிவு உண்டு என்பதைத் தாய்மாருக்கு யாரும் சொல்வதில்லை. (2001 வரை பழைய சட்டத்தில் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.) 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். சம்பளத்தை மறைப்பவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். பாக்கியை வாரண்ட் மூலம் வசூலிக்க, தொகை சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தள்ளிப்போடாதீர்கள், அம்மா. வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகவே உதவி கிடைக்கும்.