வேட்பாளரின் வாக்குறுதியும் அங்கத்தினரின் கணக்கும்

டோல்கேட்டில் குடியிருப்பவன் நான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வடக்கே சிறிது தூரம் நடந்தால் காலடிப்பேட்டை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவர்னர் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது. 'காலெட் பேட்டை' என்ற பெயரே மக்கள் வழக்கில் காலடிப்பேட்டை ஆயிற்று. எண்ணூரைக் கடந்து மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சென்றால் நெல் வயல்கள். நெய்கிறவருக்கும் விளைவிக்கிறவருக்கும் இடையே ஒரு நாள் பயணம்கூட இல்லை. ஆயினும் தேர்தல் காலம் வந்தால் இவ்விருவரும் வெவ்வேறு நாட்டினர் போலப் பேசத் தொடங்கிவிடுகின்றனர்.

ஒரு சங்கத்தின் பேரவைக் கூட்டம் முடிந்த பிறகு நடந்த உரையாடல் ஒன்று நினைவுக்கு வருகிறது. நெசவாள அங்கத்தினர் ஒருவர், "அரிசி விலையை இறக்குகிறேன் என்று எவர் சொல்கிறாரோ, அவருக்கே என் வாக்கு" என்றார். அருகிலிருந்த விவசாயி, "அண்ணே, உங்கள் அரிசி விலை இறங்கினால் என் நெல் என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்டார். பிறகு இருவரும் என்னைப் பார்த்து, "நீங்கள் சொல்லுங்கள் ஐயா" என்றனர். அரசு ஊழியனாகிய நான் எந்தக் கட்சிக்கும் பரிந்து பேசலாகாது, பேசவும் விரும்பவில்லை. ஆனால் ஏடுகளைப் புரட்டிப் பற்று வரவு பார்ப்பது என் தொழில். முற்போக்கான கொள்கைகளோடு வரும் வேட்பாளரின் வாக்குறுதிகளை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்பதைக் கூறலாம் அல்லவா?

இதற்கு நம் மாநில வரலாற்றிலேயே சிறந்ததொரு பாடம் உண்டு. 1967ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலை எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் நாடெங்கும் வறட்சி. அரிசிக்கு வரிசையில் நின்ற காலம். அறிஞர் அண்ணாதுரை அத்தேர்தலில் தென்சென்னை மக்களவைத் தொகுதியில் நின்று வென்றார்; மார்ச்சு 6ஆம் நாள் மாநிலத்தின் முதலமைச்சரானார். காஞ்சிபுரத்து நெசவாளர் சமூகத்தில் பிறந்த அவர், கைத்தறி தேங்கிக் கிடந்த 1953ஆம் ஆண்டில் திருச்சியில் கைத்தறித் துணிகளைத் தாமே சுமந்து விற்றவர். அவர் முன்வைத்த நிலைகள் பல: இந்தித் திணிப்புக்கு எதிர்ப்பு, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு, மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்ற பெயர், மாநிலங்களுக்கு மிகுந்த உரிமை. இவற்றோடு, ரூபாய்க்கு மூன்று படி அரிசி.

இந்நிலைகளின் கதி என்னவாயிற்று என்று பாருங்கள். பெயர் மாற்றத் தீர்மானம் 1967 ஜூலை 18இல் சட்டசபையில் நிறைவேறியது. 1969 ஜனவரி 14இல் நடைமுறைக்கு வந்தது. சுயமரியாதைத் திருமணத்திற்கான சட்டத்திருத்தம் 1967இலேயே நிறைவேறியது. இருமொழிக் கொள்கைத் தீர்மானம் 1968 ஜனவரி 23இல் நிறைவேறியது. 1969 பிப்ரவரி 3இல் அவர் மறைவதற்குள் இவை யாவும் முடிந்துவிட்டன. அரிசியோ? "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்ற அளவில், சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி வழங்கப்பட்டது. மாநிலம் முழுவதும் விரிவாக்க நிதி இடந்தரவில்லை.

தலைவரின் மனவுறுதி ஓரிடத்தில் மிகுந்தும் மற்றோரிடத்தில் குறைந்தும் இருந்ததா? இல்லை. வாக்குறுதிகள் இருவகைப்படும். ஒன்று, சட்டத்தால் முடிவது. பெரும்பான்மை இருந்தால் ஒரு நாளில் நிறைவேறும். நிறைவேறியபின் நிலைத்து நிற்கும். மற்றொன்று, செலவால் நடப்பது. அதை ஒவ்வொரு நாளும் புதிதாக நிறைவேற்ற வேண்டும். இன்று ஒரு படி போட்டவர் நாளையும் போட வேண்டும். களஞ்சியத்தில் நெல்லும் வேண்டும், கருவூலத்தில் பணமும் வேண்டும். மேடையில் இரண்டும் ஒரே குரலில் ஒலிக்கும். ஏட்டில் இரண்டுக்கும் வெவ்வேறு பக்கம்.

செலவு வாக்குறுதிக்கு வரவை முன்கூட்டியே காட்டிய எடுத்துக்காட்டும் நெசவாளர்களாகிய நமக்குத் தெரிந்ததே. 1953ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் ஆலைத் துணி மீது கெஜத்திற்கு மூன்று பை வீதம் கூடுதல் தீர்வை விதித்தது. அந்தப் பணம் கதருக்கும் கைத்தறிக்கும் என்று சட்டமே குறித்தது. அந்த நிதியிலிருந்தே விற்பனைத் தள்ளுபடியும், சங்கத்தில் சேர வழியற்ற நெசவாளர்க்குப் பங்குத்தொகைக் கடனும் கிடைத்தன. கைத்தறியைக் காப்போம் என்று பலர் பேசினர். இன்னார் கொடுக்க, இன்னார் பெறுவார் என்று எழுதியபோதுதான் அது தறிக்கு வந்து சேர்ந்தது.

நிற்க. அரிசி வாக்குறுதி வீணாயிற்று என்று எவரும் கருதிவிடலாகாது. 2006இல் கிலோ இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி என்று, 1967இல் விதைத்தது காலந்தாழ்த்தி விளைந்தது. 1972இல் தோன்றிய நுகர்பொருள் வாணிபக் கழகமும், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கும் மானியமும், மூலை முடுக்கெல்லாம் பரவிய நியாயவிலைக் கடைகளுமே அதை விளைவித்தன. அக்கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துவன கூட்டுறவுச் சங்கங்கள். 1983இல் தொடங்கிய வேட்டி சேலைத் திட்டத்தின் துணியும் நம்மவர் தறிகளிலிருந்தே செல்கிறது. ஆகவே மேடையில் பேசுகிறவர் வேட்பாளராயினும், சொன்னதைச் சுமந்து சென்று வீட்டில் சேர்ப்பவர்கள் நாம்.

இப்போது அந்த விவசாயியின் கேள்விக்கு வருவோம். அரிசியை மலிவாகக் கொடுப்பதன் சுமை விளைவித்தவன் தலையில் விழுந்தால் அது முற்போக்கு ஆகாது. ஒரு ஏழையின் பையிலிருந்து எடுத்து மற்றோர் ஏழைக்குக் கொடுத்ததாகவே முடியும். கொள்முதல் விலைக்கும் கடை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொதுக் கருவூலம் ஏற்கும்போதுதான் அது நீதி. விலை மட்டும் போதாது, காலமும் வேண்டும். அறுவடை நெல்லைக் கொண்டுவந்து கொள்முதல் நிலையத்து வாசலில் குவித்துவிட்டு, மழை மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு ஆதார விலை என்பது காகிதத்தில் எழுதிய விலையே.

நெசவாளர் நிலையும் இதுவே. நான் பார்த்த ஒரு சங்கத்தில் வரவேண்டிய தள்ளுபடித் தொகை ஆண்டுக்கணக்கில் 'வரவேண்டியது' என்ற தலைப்பிலேயே நின்றது. அறிக்கையில் சங்கம் இலாபத்தில் இருந்தது. நெய்தவரோ கூலியைத் தவணை தவணையாகப் பெற்று, பாவு போடக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். கொடுப்பதாகச் சொன்னவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. எந்த நாளில் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆதலால், உழைப்பவர் பக்கம் நிற்கிறேன் என்று கூறி எந்த வேட்பாளர் வந்தாலும், அவரை மரியாதையோடு அமரவைத்து மூன்று கேள்விகள் கேட்பது அங்கத்தினர் கடமை. நீங்கள் கூறுவது சட்டத்தால் முடிவதா, செலவால் நடப்பதா? செலவாயின், பணம் எங்கிருந்து வரும், யார் கொடுப்பார்? எங்கள் சங்கத்தின் வழியாக நடக்குமாயின், சங்கத்திற்குச் சேரவேண்டிய தொகை எத்தனை நாளில் சேரும்? இம்மூன்றுக்கும் விடை சொல்லக்கூடியவர், மூன்று படி சொல்லி ஒரு படி கொடுத்தாலும் நம்பத்தக்கவர். எது லட்சியம், எது நிச்சயம் என்று பிரித்துச் சொல்வதே நாணயத்தின் அடையாளம்.

இக்கேள்விகளை நெசவாளர் தனியாகவும் விவசாயி தனியாகவும் கேட்டால் பயன் குறைவு. மலிவு அரிசியை நெசவாளரிடமும், உயர்ந்த நெல் விலையை விவசாயியிடமும் கூறிவிட்டு வேட்பாளர் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். இருவரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து கேட்டால், இரண்டு பக்கத்தையும் ஒரே ஏட்டில் எழுதிக் காட்டியாக வேண்டும். நம் சங்கங்களில் பங்கு எத்தனையாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே. அந்த ஒழுங்கில் பழகிய நாம், நாட்டின் தேர்தலிலும் வாக்கை இனத்திற்கோ சலுகைக்கோ விற்காமல், கணக்கைக் கேட்டு அளிப்போமாக.

கூட்டம் நடந்த அன்று அவ்விரு நண்பர்களிடமும் இதையே சுருக்கமாகச் சொன்னேன். "அப்படியானால் அவர் வரும்போது நாங்கள் இருவரும் சேர்ந்தே போகிறோம்" என்றார் விவசாயி. நெசவாளர் தலையசைத்தார். நம் எல்லாச் சங்கங்களிலும் இப்பழக்கம் வளருமாயின், வாக்குறுதி தருவோரும் கணக்கோடு வரப் பழகிக்கொள்வர்.