ஊர்க் கிணற்றுக்குப் பூட்டு

2024 மார்ச்சில் ரெடிஸ் நிறுவனம் தன் தரவுத்தள மென்பொருளின் உரிமத்தை மாற்றியது. அதுவரை அதை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். இனி அதைச் சேவையாக விற்கும் கிளவுட் நிறுவனங்கள் தன்னோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும் என்றது. சில நாள்களிலேயே பழைய உரிமத்தில் இருந்த மூலநிரலை எடுத்துக்கொண்டு, லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 'வால்கீ' என்ற மாற்றுத் தரவுத்தளம் பிறந்தது. அமேசானும் கூகுளும் பின்னால் நின்றன. ரெடிஸுக்கு ஆண்டுக்கணக்கில் நிரல் எழுதிய சிலரே அங்கே போய்விட்டார்கள்.

ரெடிஸின் மனக்குறை நியாயமானது. உழைப்பு ஒருவருடையது, வாடகை வசூல் இன்னொருவருடையது என்றால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் ஊர்க் கிணறு என்று சொல்லி ஊரையே தூர்வார அழைத்துவிட்டு, தண்ணீர் ஊறியதும் பூட்டுப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூலநிரலைத் திறந்து வைக்கும் ஓப்பன் சோர்ஸில் காசு இல்லை என்பவர்கள், லினக்ஸ் இயங்குதளத்தைத் தரும் ரெட் ஹேட் நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். 2019-இல் ஐபிஎம் அதை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. ரெட் ஹேட் விற்றது என்ன? ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியான இரவில் வங்கியின் சர்வரைக் கவனிப்பவருக்கு வேண்டியது மூலநிரல் அல்ல, அது இணையத்தில் கிடைக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முன் நிறுவிய அதே பதிப்புக்கு, அதன்மேல் ஓடும் எதையும் உடைக்காத திருத்தம்தான் அவருக்கு வேண்டும். அலுப்பூட்டும் அந்த வேலையைப் பத்து ஆண்டுகள் செய்து தருகிறோம் என்ற உறுதிக்குத்தான் சந்தா. அந்த ரெட் ஹேட்டே 2023-இல் தன் வணிகப் பதிப்பின் முழு மூலநிரலை வாடிக்கையாளர்களோடு நிறுத்திக்கொண்டது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

தரவுத்தளத்துக்கு இந்த வழி முழுதாகப் பொருந்தாது என்பது உண்மை. அதை நிறுவிப் பராமரித்துத் தருவதே வியாபாரம், அதில் கிளவுட் நிறுவனங்களை மிஞ்சுவது கடினம். அதனால்தான் உரிமத்தை முதலிலேயே யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறேன். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் 2000-இலேயே ஜிபிஎல் உரிமத்துக்கு வந்தது; அதைத் தன் மென்பொருளில் சேர்த்து விற்பவர் தன் நிரலையும் திறக்க வேண்டும் என்பது அந்த உரிமத்தின் நிபந்தனை. தங்கள் நிரலைத் திறக்க விரும்பாமல் அதை உள்ளே வைத்து விற்றவர்கள் வணிக உரிமத்துக்குப் பணம் கட்டினார்கள். 2008-இல் சன் நிறுவனம் சுமார் 100 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது.

ரெடிஸ் 2025 மே மாதம் ஏஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது. அதற்குள் அமேசான் தன் வாடிக்கையாளர்களுக்கு வால்கீயை ரெடிஸைவிடக் குறைந்த கட்டணத்தில் கொடுக்கத் தொடங்கியிருந்தது.