சீக்கிரம் கரைவதெல்லாம் நல்ல உரமா?

"தண்ணியில போட்டதும் கரையணும், அதான் நல்ல உரம்." உரக்கடையில் இன்றைக்கும் இதே பேச்சுதான். நீரில் முழுசாகக் கரையும் என்று மூட்டையிலேயே அச்சடித்து விற்கிறார்கள். டிரம்முக்கு அது நல்லது. நிலத்துக்கு நல்லதா?

முதலில் டிரம்மைப் பார்ப்போம். 200 லிட்டர் ஜீவாமிர்தத்துக்கு 2 கிலோ வெல்லம் போடுகிறோம். உருண்டையாகப் போட்டால் அடியில் போய் உட்காரும். அதைச் சுற்றிக் கெட்டியான பாகு சூழ்ந்துகொள்ளும். ஏற்கெனவே இனிப்பேறிய அந்தத் தண்ணீர் மேற்கொண்டு வெல்லத்தை வேகமாக இழுக்காது. தட்டிப் பொடித்தால் தண்ணீர் படும் பரப்பு கூடும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். கலக்கிவிட்டால் பாகு விலகிப் புதுத் தண்ணீர் வந்து சேரும். பொடி, சூடு, கலக்கல், இடம் கொடுக்கும் தண்ணீர்: கரையும் வேகம் இந்த நாலிலும் இருக்கிறது. இங்கே வேகம் வேண்டும். நுண்ணுயிர்களுக்கு உடனே தீனி கிடைக்கணும்.

இதே கணக்கை வயலில் போடுங்கள். 20 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரிலேயே ஒரு கிலோவுக்கு மேல் யூரியா கரையும். நம்ம ஊர் வெயிலில் இன்னும் கூடுதல். குருணைதான், ஒரு பாசனம் போதும், மொத்தமும் கரைந்துவிடும். ஆனால் பயிர் ஒரே நாளில் குடித்துவிடுமா? மிச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போகிறது. ஒரு பங்கு நைட்ரேட்டாக மாறி, மண் பிடித்து வைக்க முடியாமல், கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போகிறது. அந்தத் தண்ணீரைத்தான் நம்ம பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

மட்கிய தொழுவுரம் அப்படி ஒரேயடியாகக் கரையாது. அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள்தான் சிதைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கணும். ஈரமும் மிதமான சூடும் இருந்தால் அவை சுறுசுறுப்பாகும். பயிரும் அப்போதுதான் வளரும். பசிக்கிற நேரத்துக்குச் சோறு வருகிற மாதிரி.

அதற்காக, மெதுவாகக் கரைவதெல்லாம் உசத்தி என்று சொல்லவில்லை. பாறை பாஸ்பேட்டைக் களர் நிலத்தில் அப்படியே தூவினால் கரையாமல் கிடக்கும். நைசாகப் பொடித்து எருக்குழியில் கலந்தால், நுண்ணுயிர்கள் சுரக்கும் அமிலம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும்.

இன்னும் யூரியாவை விட முடியாதவர்கள் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். வேளாண் துறையும் ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதோடு நிறுத்தாமல், போட்டதில் எவ்வளவு பயிருக்குச் சேரும் என்பதையும் விவசாயிக்குச் சொல்லணும்.