டிஸ்ப்ளே வரலையா? போர்டு போயிடுச்சாம்!

புது ரேம் வாங்கி மாட்டுகிறார் ஒருவர். பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. பதறிப்போய் சி.பி.யு.வைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினால் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பு ரெடி: "போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்." எதை வைத்துச் சொல்கிறார்கள்? கேட்டால் பதில் வராது. எல்லாக் கடையும் இப்படி இல்லை, உண்மைதான். ஆனால் இப்படிப்பட்ட கடைகளில் சில ஆயிரங்களைத் தொலைப்பவர்களில் மாணவர்களும் உண்டு.

நேற்றுவரை ஓடிய மெஷின் ரேமைத் தொட்டபிறகு படுத்துவிட்டால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமைத்தானே? இப்போது பல போர்டுகளில் ஸ்லாட்டுக்கு ஒரு பக்கம்தான் கிளிப். அந்தப் பக்கம் 'டக்' என்று சத்தம் வந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். மறுமுனை லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவ்வளவுதான் கோளாறு! பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அந்தத் தங்கநிறப் பற்களைச் சுத்தமான துணியால் துடைத்து, இரண்டு முனையையும் அழுத்தி மாட்டினால் பல மெஷின்கள் எழுந்துவிடும். எழவில்லையா, ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துப் பாருங்கள். நாலு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட். அதற்கும் மசியாவிட்டால் சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து பயாஸை ரீசெட் செய்யலாம்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது போகாது. பயில்வான் வேலை காட்டினால் ஸ்லாட்தான் உடையும். இன்னொன்று, டிடிஆர்5 புதிதாக மாட்டியதும் போர்டு அதைப் பழகிக்கொள்ளவே சில நிமிடம் எடுக்கலாம். அதுவரை திரை கறுப்புதான். அரை நிமிடத்தில் ஆஃப் செய்துவிட்டு "போச்சு" என்பவருக்கு இது தெரியாதா, தெரிந்தும் சொல்வதில்லையா?

போர்டு கம்பெனிகளும் லேசுப்பட்டவை அல்ல. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியிலேயே ஸ்பீக்கர் இருந்தது, கோளாறு என்றால் பீப் அடித்துச் சொல்லும். இன்று பல ஆயிரம் கொடுத்து வாங்கும் போர்டோடு அந்தக் குட்டி ஸ்பீக்கர்கூட வருவதில்லை. சிலவற்றில் சின்ன லைட் வைத்திருக்கிறார்கள், அதையாவது பாருங்கள்.

போர்டு சாகவே சாகாதா என்றால், சாகும். கரண்ட் இருக்கும்போதே ரேமை மாட்டினால் சாகலாம். ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது சொல்பவர். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு ரேமை உங்கள் கண்முன்னே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்படியும் மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், பழைய போர்டைக் கையோடு திருப்பிக் கேளுங்கள். தர மாட்டேன் என்று அடம்பிடித்தால்... செத்துப்போன போர்டு அவருக்கு எதற்காம்?