பத்துக் கேள்விகளும் ஒரு முத்திரையும்

தம்மையும் பிறரையும் உணர்ந்து நடந்துகொள்ளும் முறையே ஒருவரிடம் பல ஆண்டுகளாக இறுகிப்போய், உறவுகளையும் வேலையையும் தொடர்ந்து குலைக்கும் நிலையை மனநல மருத்துவம் ஆளுமைக் கோளாறு என்கிறது. அதை உறுதிப்படுத்தப் பயிற்சி பெற்றவர் நடத்தும் நீண்ட நேர்காணல் வேண்டும் என்பதால், நோயாளி தாமே நிரப்பும் வினாத்தாள்கள் முதற்கட்ட வடிகட்டலுக்குப் பயன்படுத்தப்படுகின்றன.

அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட, எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்கான வினாத்தாள் அவற்றுள் பெயர்பெற்றது. கட்டுக்கடங்காத சினம், நிலையற்ற உறவுகள், உள்ளே வெறுமை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல் போன்றவை பற்றிய அதன் 10 கேள்விகளில் ஏழுக்கேனும் ‘ஆம்’ என்பவர் மேற்பரிசோதனைக்கு உரியவராகிறார். முதல் ஆய்வில் அது, கோளாறு உள்ளோரில் 81 விழுக்காட்டினரை இனங்கண்டது (இது உணர்திறன்). இல்லாதோரில் 85 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கியது (இது விலக்குதிறன்).

இவ்விரு எண்களும் தரும் நம்பிக்கை, வினாத்தாள் யாரிடம் கொடுக்கப்படுகிறது என்று கேட்டவுடன் ஆட்டம் காண்கிறது. பொதுமக்கள் 1,000 பேரில் 20 பேருக்கு இக்கோளாறு இருப்பதாகக் கொண்டால், வினாத்தாள் அவர்களில் 16 பேரைக் காட்டும். எஞ்சிய 980 பேரிலோ 147 பேரைத் தவறாகச் சுட்டும். அதாவது, சுட்டப்பட்ட பத்துப் பேரில் ஒன்பது பேருக்குக் கோளாறே இல்லை. ஐந்தில் ஒருவருக்குக் கோளாறு உள்ள மனநலப் பிரிவில் அதே தாளைக் கொடுத்தால், சுட்டப்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் உண்மையிலேயே பாதிக்கப்பட்டவர்களாக இருப்பர். கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இத்தகைய தாள்களைப் பரவலாக வழங்குவது ஏன் தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கணக்குக்கு அப்பாற்பட்ட இடர்களும் உண்டு. கடும் மனச்சோர்வில் இருப்பவர் தம் வாழ்நாள் முழுவதையும் அந்தச் சோர்வின் வழியாகவே நினைவுகூர்வதால், சில வாரத் துயரம் நெடுநாள் இயல்பாகப் பதிவாகிவிடுகிறது. சோர்வு தணிந்தபின் மதிப்பெண் பலருக்குக் குறைகிறது. மறுபுறம், தம் போக்கில் குறையே காணாத தற்காதல் ஆளுமையினர் ‘இல்லை’ என்றே எழுதித் தப்பிவிடக்கூடும். குடும்பத்தாரிடம் கேட்டறியாமல் இதைச் சரிசெய்ய இயலாது.

எல்லைநிலை ஆளுமைக் கோளாறு என்ற பெயர் ஒருமுறை மருத்துவக் கோப்பில் ஏறிவிட்டால், நோயாளியின் உண்மையான வலியும் நாடகமாகப் பார்க்கப்படும் அவலம் மருத்துவமனைகளிலேயே நிகழ்கிறது. ஆகவே, நேர்காணல் முடியும்வரை வினாத்தாளின் மதிப்பெண்ணை நோயின் பெயராகக் கோப்பில் எழுதலாகாது; நேர்காணலுக்கு ஆளில்லாத இடத்தில் அந்தத் தாளைக் கொடுக்கவே கூடாது.