சரிவில் இறங்கும் நீருக்கும் கணக்கு வேண்டும்

ஏ9 வீதியில் கண்டியிலிருந்து மாத்தளை நோக்கிப் போனால் அக்குறணை, அதைத் தாண்டி அலவத்துகொட. பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் அக்குறணைக் கடைவீதிக்குள் வெள்ளம் ஏறிவிடுகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையிலோ அலவத்துகொடப் பக்கம் மண் சரிந்து உயிர்கள் போயின. ஓரிடத்தில் நிலத்துக்குள் இறங்காத நீர் கேடு செய்கிறது. இன்னோரிடத்தில் இறங்கிய நீர். நீர்புகு தளங்களை வடிவமைக்கும் நம் துறையினர் முதலாவதைப் பற்றியே பேசுகிறோம். இரண்டாவதை நம் மாதிரியுருக்கள் காண்பதே இல்லை.

எஸ்.டபிள்யூ.எம்.எம். மென்பொருளில் நீர்புகு தளத்துக்கான கூறு, சல்லிப் படையைச் சமமட்டத்தில் நிரம்பும் தொட்டியாகவே எடுத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் நீர் நகர்வதற்கு ரிச்சர்ட்ஸ் 1931இல் தந்த சமன்பாட்டை ஹைட்ரஸ் மென்பொருளில் ஒரு பரிமாணத்தில் தீர்ப்பவர்களும் நீரைச் செங்குத்தாக மட்டும் இறக்கி, அடியில் 'தடையற்ற வடிதல்' என்று எல்லை நிபந்தனை இட்டு முடித்துவிடுகிறார்கள். கொழும்பின் சமதரைக்கு இது ஓரளவு பொருந்தலாம். மலைநாட்டுக்குப் பொருந்தாது.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம். 20 மீற்றர் நீளமான வாகனத் தரிப்பிடம், 300 மில்லிமீற்றர் சல்லி, 40 சதவீத இடைவெளி. சமதரையில் ஒரு மீற்றர் அகலத்துக்கு 2.4 கன மீற்றர் நீர் தங்கும். 120 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். அதே தளத்தை 5 சதவீதச் சரிவில் வையுங்கள். அடிமண் உறிஞ்சாத நேரத்தில் நீர் கீழ்முனைக்கு ஓடி, கடைசி 6 மீற்றரில் முக்கோணமாகத் தேங்கும். கொள்ளளவு 0.36 கன மீற்றர், அதாவது 18 மில்லிமீற்றர். மலைநாட்டு மழைக்கு அது சில நிமிடக் கதை. ஐந்து மீற்றருக்கு ஒன்றாகச் சல்லிக்குள் குறுக்குத் தடுப்புக் கட்டினால் 1.4 கன மீற்றர் வரை மீளும். வரைபடத்தில் சில கோடுகள்தான், ஆனால் அவை இல்லாத தளம் கீழ்முனையில் ஊற்றெடுக்கும்.

இதைவிடப் பாரதூரமானது அடிமண்ணின் கதை. இங்கே பாறை உக்கி உருவான மண்ணுக்குக் கீழே உக்காத பாறை கிடக்கிறது. இறங்கும் நீர் அந்த எல்லையில் தடைப்பட்டுச் சரிவோடு பக்கவாட்டில் நகர்கிறது. வறண்ட மண்ணைப் பிடித்து வைத்திருந்த உறிஞ்சல் அழிந்து, துளை நீரமுக்கம் ஏற, மண்ணின் வெட்டு வலிமை குறைகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழைக்கு விழிப்பு, 100க்கு எச்சரிக்கை, 150க்கு வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் படிநிலை வகுத்திருப்பது இதனால்தான். இப்போது ஒரு கூரை நீரை அதே பரப்பளவுள்ள நீர்புகு தளத்துக்குத் திருப்பினால், 75 மில்லிமீற்றர் மழையிலேயே அந்த அடிமண்ணின்மேல் 150 மில்லிமீற்றர் நீர் வந்து சேர்கிறது. மழைமானி காட்டுவது விழிப்புநிலை. சரிவுக்கு மேலே உள்ள அந்தத் துண்டு நிலம் வேறு நிலையில் இருக்கிறது.

ஆகவே பள்ளத்தாக்கின் அடியில், ஓயாக்கரை ஊர்களில், நீர்புகு தளங்களைத் தாராளமாகப் போடலாம் என்பதே என் கருத்து. வெட்டிய சரிவின் விளிம்பிலும் வீட்டுக்குப் பின்னே மண்திட்டு நிற்கும் இடத்திலும் அடியில் நீர்புகாத் தாள் விரித்து, வடிகுழாய் வைத்து, சேரும் நீரை மெதுவாகக் கானுக்கு விடவேண்டும். நீரைத் தாமதப்படுத்துவதும் பயன்தான். எல்லா நீரையும் மண்ணுக்கே கொடுத்தாக வேண்டியதில்லை.

இவ்விதழுக்குக் கட்டுரை அனுப்புவோரிடம் ஒரு வேண்டுகோள். சரிவின் குறுக்குவெட்டையும் பாறை வரையான மண் ஆழத்தையும் தாருங்கள். நீர் கடத்துதிறனைக் கைநூல் அட்டவணையிலிருந்து எடுக்காமல் இரட்டை வளைய மானியால் களத்தில் அளந்து எழுதுங்கள். தளம் போட்ட அன்று மட்டும் அளந்தால் போதாது. ஒரு மழைக்காலம் கழிந்து, செம்மண் இடுக்குகளை அடைத்த பிறகு எடுத்த அளவையும் சேர்த்து அனுப்புங்கள்.